ஏழாம் லயத்துப் பெட்டியின் வாக்குமூலம்

அந்த வரியை எழுதியவன் நான்தான். இதை எங்கள் அலுவலகத்தில் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் நம்பத் தயாரில்லை. எழுத்தில் கொடுத்தேன், உரிய படிவத்தில் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு எங்களிடம் படிவமே கிடையாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அலுவலகம் என்றால் பதுளையில் இருக்கிற மாகாணச் சரிவு அவதானிப்பு அலுவலகம். மலைச்சரிவுகளை அவதானிப்பது அதன் வேலை. அவதானிப்பது என்றால் பார்த்துக்கொண்டிருப்பது. சரிந்தால் என்ன செய்வது என்பது வேறொரு அலுவலகத்தின் வேலை. அது எந்த அலுவலகம் என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். நான் அங்கே தகுதிகாண் காலத்தில் இருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தன். பெரகலப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக அரசாங்க வேலைக்கு வந்தவன். என் நியமனக் கடிதத்தை அம்மா இன்றைக்கும் சாமிப் படத்துக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு நான் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு ஒரு காரணம் வேண்டும். இதுதான் அந்தக் காரணம். போதாது என்று எனக்கே தெரியும்.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சின்னக் கணினி, மண் எவ்வளவு சாய்கிறது என்று அளக்கிற ஒரு கருவி, வெளியே ஒரு விளக்கு. கணினிக்குள் கன்டெய்னர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. துறைமுகத்து இரும்புப் பெட்டி அல்ல. ஒரு நிரலை மற்றதோடு கலக்காமல் தனியே அடைத்து ஓடவிடுகிற வழி. நான் எழுதிய நிரல் அதற்குள் ஓடியது. ஒவ்வொரு பெட்டிக்கும் சில டேக்குகள் உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையின் கழுத்தில் மாட்டுகிற அட்டை மாதிரி. இடம், முகவரி, பொறுப்பாளர், நிலை. பதுளையில் இருக்கிற பெரிய திரையில் அவற்றைப் படிக்கலாம். டேக்கை அலுவலகத்தில் உட்கார்ந்து வெளியிலிருந்தும் போடலாம், பெட்டிக்குள் ஓடுகிற நிரலே தன் பெட்டிக்குத் தானே போட்டும் கொள்ளலாம். 'நிலை' என்ற டேக்கை நான் உள்ளிருந்து போடுகிற மாதிரி எழுதினேன். மண் சாய்ந்தால் பெட்டி யாரையும் கேட்காமல் 'சாதாரணம்' என்பதை 'அபாயம்' என்று மாற்றிக்கொள்ளும், பச்சை விளக்கு சிவப்பாகும். எங்கள் அலுவலகத்தில் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹாலிஎலக்கு மேலே நாகமலைத் தோட்டம், மேல்பிரிவு, ஏழாம் நம்பர் லயம். ஒற்றை அறை வீடுகளாகப் பன்னிரண்டு காம்பரா, முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக மலை. அங்கே மாட்டிய பெட்டிதான் இந்தக் கதையின் நாயகன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. முதல் காம்பராவில் இருந்த பொன்னையா அண்ணனைப் பிடித்தோம். முப்பது வருடமாகத் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர்.

"நான் என்னங்க தம்பி செய்யணும்?" என்றார்.

"லைட்டப் பாத்துக்கணும்ணே. பச்சைன்னா பயமில்ல. செவப்புன்னா எல்லாரையும் கூட்டிக்கிட்டு கீழ கோயிலுக்கு எறங்கிரணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் அதை வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை, விரதமாக எடுத்துக்கொண்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை விளக்கைப் பார்ப்பார். பெட்டியைத் துணியால் துடைப்பார். அவர் மனைவி ஜெயலெட்சுமி அக்கா வெள்ளிக்கிழமைகளில் பெட்டிக்குப் பொட்டு வைத்தார்.

முகவரி என்ற டேக்தான் கொஞ்சம் இடக்குப் பண்ணியது. லயத்துக் காம்பராவுக்கு ஏது முகவரி? கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும், கிளாக்கர் கைக்குப் போகும், அவருக்கு ஞாபகம் வருகிற அன்றைக்கு ஆள் கைக்கு வரும். அக்காவின் மகள் ஜீவராணிக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தது. இதை எங்கள் அலுவலக இலிகிதர் லரீபாவிடம் சொன்னேன்.

"ஆளுக்கு இல்லாட்டிப் பரவாயில்ல தயாபரன். சாதனத்துக்கு இல்லாம ஏலாது. சிஸ்டம் எடுக்காது" என்றார்.

ஆகவே 'இல. 7/1, மேல்பிரிவு வீதி' என்று ஒரு முகவரியை உண்டாக்கினோம். நான்கு இடத்தில் கையெழுத்தாகி அது சட்டபூர்வமும் ஆயிற்று. ஏழாம் லயத்துக்குத் தபால்காரர் முதன்முதலாக ஏறி வந்தது பெட்டிக்கு வந்த வாழ்த்துக் கடிதத்தோடு.

"ஏந்தம்பி, பெட்டிக்கு வர்ற மாதிரி எங்களுக்கும் கடுதாசி வருமா?" என்று அக்கா கேட்டார்.

"புது வீட்டுக்குப் போனா வரும்க்கா."

அது வெறும் வாய்ச்சொல் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பட்டியல் தினத்தில் எந்தப் பெட்டியின் நிலை 'அபாயம்' என்று இருக்கிறதோ, அந்த லயத்துக்காரர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் என்பது எங்கள் அலுவலகம் போட்ட விதி. ஏழாம் லயத்துக்கு இடம்கூடக் காட்டியாகிவிட்டது. தோட்டத்துக்குக் கீழே, ரோட்டோரத்தில், பழைய விளையாட்டு மைதானம். மட்டமான, இறுகிய நிலம். அக்கா அங்கே ஒரு நாள் போய், கல் வைத்து, அடுப்பாங்கரை எங்கே வரவேண்டும் என்றுகூடத் தீர்மானித்துவிட்டு வந்தார். கிழக்குப் பார்த்து.

இனி அந்த வரி.

பதுளையில் பெரிய திரையைத் திறந்துவைக்கிற விழாவும் முதல் பட்டியல் தினமும் ஒரே நாளில் வைக்கப்பட்டன. முந்தைய நாள் பிற்பகல் ஒத்திகை. பதினெட்டுப் பெட்டிகளும் திரையில் பச்சையாக நின்றபோது, ஏழாம் லயத்துப் பெட்டி மட்டும் சிவப்பாக மாறியது. ஐந்து நிமிடத்தில் பொன்னையா அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, செவந்திருச்சு. எல்லாரையும் கோயிலுக்கு எறக்கிட்டேன். புள்ளைங்க எல்லாம் பத்தரமா இருக்கு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் எழுதியது வேலை செய்கிறது! பணிப்பாளரிடம் ஓடினேன். பணிப்பாளர் ஸ்ரீஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கோப்பில் வராத மழையில் அவர் நனைந்ததில்லை, அவ்வளவுதான். திரையைச் சாய்ந்து பார்த்தார்.

"தயாபரன், பதினெட்டிலை ஒண்டு மட்டும் சிவப்பா நிக்குது. நாளைக்குக் கொழும்பிலை இருந்து ஆக்கள் வருகினம். படம் எடுப்பினம். வடிவில்லை."

"சேர், மண்ணு சாஞ்சிருக்கு."

"சாயட்டும். நாங்கள் அதைத் தடுக்கிற அலுவலகம் இல்லை. அவதானிக்கிற அலுவலகம். நீர் இப்ப அவதானிச்சிட்டீர்தானே? பிறகென்ன?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உம்மைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. ஒரு நாளும் சொல்லமாட்டன். பெட்டியைக் கொஞ்சம் பொறுப்போடை கதைக்கச் சொல்லும். உம்முடைய நிரந்தர நியமனக் கோப்பும் என்ரை மேசையிலைதான் கிடக்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. சும்மா ஞாபகம் வந்தது."

ஒரே ஒரு வரி. 'சாய்வு எவ்வளவானாலும் நிலை: சாதாரணம்.' எழுதி அனுப்பினேன். ஒரு நாளைக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் திரையில் பதினெட்டும் பச்சை. மறுபடியும் போன் அடித்தது.

"பச்சையாயிருச்சு தம்பி. ஏறிப் போகவா?"

திரையில் பதினெட்டையும் மறுபடி ஒரு தடவை எண்ணினேன்.

"போங்கண்ணே" என்றேன்.

விழா சிறப்பாக நடந்தது. காலை பத்து முப்பத்தொன்றுக்கு, சுப நேரத்தில், திரை அச்செடுக்கப்பட்டது. பட்டியலில் ஒரு லயமும் இல்லை. 'அபாயமற்ற மாகாணம்' என்று பணிப்பாளர் பேசினார், கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "எமது சாதனங்கள் தம்மைப் பற்றித் தாமே பேசுகின்றன. நாம் அவற்றின் வாயில் எதையும் ஊட்டுவதில்லை" என்றபோது என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நானும் பதிலுக்குப் புன்னகை செய்தேன். அதற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

மறுநாள் வரியை எடுக்கப் போனேன். முடியாது என்றார்கள். மங்கள விளக்கேற்றித் திறந்துவைக்கப்பட்ட நிரலில் கைவைப்பது திறப்பு விழாவையே ரத்துச் செய்வதற்குச் சமம் என்று ஒரு சுற்றறிக்கை அன்று காலையிலேயே வந்திருந்தது. மாற்றுவதானால் விளக்கேற்றியவர்களே வந்து அணைத்துவிட்டுப் போகவேண்டுமாம்.

கள்ளத்தனமாக மாற்றியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. செய்யவில்லை. நிரந்தர நியமனத்துக்கு ஆறு மாதம் இருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் ஓடிப்போய்த் திரையைப் பார்ப்பேன், பச்சை. அப்பாடா என்று திரும்பி வருவேன். நான் எழுதிவைத்த பொய்யைப் பார்த்து நானே ஆறுதல் பட்டுக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

ஐந்தாம் மாதம் பொன்னையா அண்ணன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, பொறுப்பாளர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். பணிப்பாளர் முன்னால் நின்றுகொண்டே பேசினார்.

"சேர், லயத்துக்குக் கோடியில செவுரு பொளந்திருக்கு. விரல் போகுது சேர்."

"விரல் எண்டது ஒரு அளவுகோலே? ஆருடைய விரல்?"

அண்ணன் திகைத்துப் போய்த் தன் விரலைப் பார்த்தார்.

"பொன்னையா, நான் ஒண்டு கேக்கிறன். பெட்டி சாதாரணம் எண்டுது. நீங்கள் அபாயம் எண்டுறீங்கள். உங்கள் ரெண்டு பேரிலை நான் ஆரை நம்பிறது? பெட்டிக்கு வீடு வேணும் எண்ட ஆசை இல்லை. உங்களுக்கு இருக்கு. அப்ப நடுநிலையா நிக்கிறது ஆர்?"

"பெட்டிதாங்க சேர்" என்றார் அண்ணன். நியாயமான மனுஷன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சேர், அந்த டேக்க வெளியிலேருந்து நாமளே மாத்திரலாம். ஒரு கிளிக்தான்" என்றேன்.

பணிப்பாளர் பதறிப்போனார். "என்ன கதைக்கிறீர்? வெளியிலை இருந்து போட்ட டேக்கை நாங்கள் மாத்தலாம். இது உள்ளுக்கை இருந்து போட்டது. தன்னைப் பற்றித் தானே குடுத்த வாக்குமூலம். அதை நாங்கள் மாத்தினால், நாளைக்கு உம்முடைய வாக்குமூலத்தையும் ஆரும் மாத்தலாம். மாத்துறதெண்டால் பெட்டியே மாத்தவேணும். விசாரணை வைப்பம். பெட்டி நேரிலை வரட்டும்."

அழைப்பாணை தபாலில் போயிற்று. இல. 7/1, மேல்பிரிவு வீதி. பெட்டியின் பெயருக்கு. தபால்காரர் பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடிதத்தை அதன் தலைமேல் வைத்துவிட்டுப் போனாராம்.

நான்தான் போய்ச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அண்ணன் அதைத் துவாயில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் பதுளைக்குக் கொண்டுவந்தார். பயணத்தில் அதிராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். இறங்கும்போது கை விறைத்துப் போயிருந்தது.

சாட்சிகளுக்கான படிவத்தை லரீபா நிரப்பினார். பெயர், முகவரி, தாய்மொழி. மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு 'மும்மொழியும்' என்று எழுதினார். அடுத்ததில் பேனா நின்றுவிட்டது.

"தகப்பன் பேரு கேக்குது. என்ன போடுற?"

லரீபா என்னைப் பார்த்தார். "நீங்கதானே இத எழுதின?" என்று சொல்லி என் பெயரைப் போட்டார். கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

விசாரணை பத்து நிமிடம். பெட்டியைப் பணிப்பாளரின் தேக்கு மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். "உமது நிலை யாது?" என்று மூன்று மொழியிலும் வாசித்தார்கள். திரையில் தெரிந்தது: சாய்வு பூச்சியம். நிலை, சாதாரணம். மேசை அவ்வளவு மட்டமாக இருந்தது. அன்று என் பொய்க்கு வேலையே இருக்கவில்லை, பெட்டி சத்தியமாகவே உண்மையைச் சொன்னது, மேசையைப் பற்றி.

"பாத்தீங்களே பொன்னையா? உங்கடை முன்னாலைதான் கேட்டது."

"ஆமாங்க சேர்" என்றார் அண்ணன். அவர் முகத்தில் பெட்டியைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்கிற வெட்கம். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

விசாரணை அறிக்கை உறுதிப்படுத்தப்படும்வரை பெட்டியைச் சான்றுப்பொருளாகப் பணிப்பாளரின் அலுமாரியில் வைத்தார்கள். அண்ணன் வெறும் துவாயோடு பஸ் ஏறினார். லயத்துச் சுவரில் நாலு ஆணி ஓட்டைதான் மிச்சம்.

அந்த வாரம் முழுக்க மழை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜெயலெட்சுமி அக்கா மலை ஊற்றுப் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். பீலியில் செம்மண் குழம்பாக வந்திருக்கிறது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து, பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்திருக்கிறார். விளக்கு இல்லை. கேட்பதற்கு யாரும் இல்லை. மலையை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அப்புறம் போட்ட கூச்சலில் பன்னிரண்டு காம்பராவும் காலியாகி, கைக்குழந்தையிலிருந்து கிழவர்வரை கோயிலுக்கு இறங்கிவிட்டார்கள். ஒன்றே கால் மணிக்கு மலை இறங்கியது. ஏழாம் லயம் இருந்த இடம் தெரியவில்லை. உயிர் ஒன்றும் போகவில்லை. உடுத்த துணி தவிர மற்ற எல்லாம் போயிற்று, ஜீவராணியின் சான்றிதழ்கள் உட்பட.

சேதி கேட்டு அன்று பிற்பகலே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்தில் பாய் விரித்து எல்லோரையும் உட்காரவைத்திருந்தார்கள். அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்துவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேள தம்பி, பெட்டியக் கழட்டிட்டுப் போனீங்க. போன மாசமும் பீலித் தண்ணி இப்பிடித்தான் கலங்குச்சு. லைட்டு பச்சையா இருந்துச்சேன்னு பேசாம இருந்துட்டோம். இன்னைக்கும் அது செவுத்துல இருந்திருந்தா நாங்க எறங்கியிருக்க மாட்டோம். நீங்க நல்லாயிருக்கணும்."

கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன், அவர் விடவில்லை. அப்படியே நின்று சொல்லிவிட்டேன்.

"அண்ணே, பெட்டி பொய் சொல்லல. நான்தான் சொல்ல வச்சேன். ஆறு மாசமா அது என்ன ஆனாலும் பச்சைதான் காட்டும். நான் அப்பிடி எழுதி வச்சிருந்தேன்."

கையை மெதுவாக விட்டார்.

"அன்னைக்குக் கோயில்லேருந்து கேட்டேனே. ஏறிப் போகவான்னு."

"ஆமாண்ணே."

"போங்கன்னீங்க."

"ஆமாண்ணே."

"புள்ளைங்கள எல்லாம் நான்தான் தம்பி கூட்டிக்கிட்டு ஏறுனேன்" என்றார்.

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எனக்குச் சேரவேண்டியதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, சோற்றுப் பார்சல் வாங்குகிற வரிசையில் போய் நின்றார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்காதான் பேசினார்.

"ஒங்கம்மாவும் லயத்துலதானே தம்பி இருக்கு?"

அதற்குமேல் அந்த மண்டபத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, இரண்டாவது பட்டியல் தினம். இந்தத் தடவையாவது ஏழாம் லயத்தின் பெயர் வரவேண்டும், மைதானத்துக் காணி அவர்களுக்குப் போகவேண்டும், வேலை போனால் போகட்டும் என்று எட்டு மணிக்கே அலுவலகத்துக்குப் போனேன். அலுமாரியிலிருந்த பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். சுற்றறிக்கையாவது மண்ணாவது என்று அந்த வரியைத் தூக்கி எறிந்தேன். இன்னொரு வரி எழுதினேன்: 'நிலை: அபாயம்.' வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு அனுப்பினேன்.

இங்கேதான் கடவுள் என்னைப் பார்த்துச் சிரித்தார். 'இடம்' என்ற டேக்கும் உள்ளிருந்து போடப்படுவது. பெட்டி எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தை அதுவே கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளும். அதையும் எழுதியவன் நான்தான், மறந்துவிட்டேன். திரையில் சிவப்பாக வந்து நின்றது: 'அபாயம். பதுளை, சரிவு அவதானிப்பு அலுவலகம்.'

அபாய மணி அடித்தது. சுற்றறிக்கைப்படி தரவரிசையில் வெளியேறினோம். முதலில் பணிப்பாளர், கடைசியில் நான். முற்றத்தில் குடையோடு நின்றபோது, உள்ளே பத்து முப்பத்தொன்றுக்கு அச்சு இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிப் பட்டியலை வெளியே தள்ளியது. ஒரே ஒரு பெயர். எங்கள் அலுவலகம்.

"சேர், அது நான் போட்டது! ஏழாம் லயத்துக்குப் போட வேண்டியது. முந்தி இருந்த பச்சையும் நான் போட்டதுதான்" என்று மழையில் நின்று கத்தினேன்.

பணிப்பாளர் குடைக்குள் இருந்தபடி பொறுமையாகக் கேட்டார். "அமைதியாக் கதையும். எங்கை இருக்குது பதிவு? உள்ளுக்கை இருந்து போட்டது எண்டுதான் பதிவு கிடக்குது. அதாவது பெட்டி சொன்னது. பெட்டிக்கு மேலாலை உம்மை நம்பச் சொல்லுறீரே? உமக்குக் கவலை. கவலைப்படுகிற ஆள் சாட்சிக்கு உதவாது."

"அப்ப ஏழாம் லயம் சேர்?"

"இல்லாத லயத்துக்கு எப்பிடி அபாயம் வரும்?"

"அதுதான் சரிஞ்சிருச்சே சேர்!"

"அதைத்தான் நானும் சொல்லுறன். இனிச் சரியாது. இந்த மாகாணத்திலை அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை."

பெட்டி சொன்னதை மறுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று பணிப்பாளர் கொழும்புக்கு எழுதினார். பாதுகாப்பான காணி ஒன்று ஏற்கனவே அளந்து தயாராக இருந்ததால் அனுமதி பதினொரு நாளில் வந்தது. ஐந்து மாதத்தில் எங்கள் புது அலுவலகம் எழும்பிவிட்டது. இடையில் எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது; 'அலுவலகத்தின் உயிர்காத்த சேவைக்காக' என்று பாராட்டுக் குறிப்பு வேறு. அம்மா அந்தக் கடிதத்தையும் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். ஏழாம் லயத்துக்காரர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து எழுப்பி, கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்தில் குடிவைத்திருந்தார்கள். தகரத்தைத் தடுப்பாக வைத்துப் பன்னிரண்டாகப் பிரித்திருந்தார்கள்.

திறப்பு விழாவில் பெட்டியின் பொறுப்பாளரே விளக்கை ஏற்றவேண்டும் என்று பணிப்பாளர் விரும்பினார். அழைப்பிதழை 7/1, மேல்பிரிவு வீதிக்கு அனுப்பினார்கள், 'அப்படி ஓர் இடம் இல்லை' என்று திரும்பி வந்தது. நானே மடுவத்துக்குப் போய்ச் சொன்னேன். அக்கா முகம் கொடுக்கவில்லை. அண்ணன் மட்டும் வந்தார். அதே வெள்ளைச் சட்டை, கழுத்தில் அதே அட்டை.

பெட்டியைப் பணிப்பாளரின் புது அறைச் சுவரில் மாட்டியிருந்தேன். பொய் வரி, நல்லெண்ண வரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முதன்முதலில் எழுதின மாதிரியே. அதற்காக விளக்கேற்றியவர்கள் வந்து அணைத்துவிட்டும் போயிருந்தார்கள். அண்ணன் சுவிட்சைப் போட்டார். பச்சை எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கைதட்டவில்லை. துவாயை எடுத்துப் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார், பழைய பழக்கம். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இது நெசமாலுமே பச்சையா? நீங்க போட்ட பச்சையா?"

"நெசமாலுமே பச்சைதாண்ணே" என்றேன். ஒரு வருடத்துக்கு முன்பு சொல்லியிருக்க வேண்டிய உண்மையை இப்போதாவது சொல்கிறோமே என்றிருந்தது. "நல்ல கெட்டியான நெலம். அசையாது."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அது கிழக்குப் பார்த்த ஜன்னல், காலை வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"தெரியும் தம்பி" என்றார். "அவ அடுப்பாங்கரைக்குன்னு கல்லு வச்ச எடந்தானே."